17 மதிப்பெண் குறைந்தது, பிரெஞ்சுத் தேர்வை மறுபடி எழுதலாமா?

2025 மார்ச் 21ஆம் தேதி கனடா குடிவரவுத் துறை பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று ஒரு எக்ஸ்பிரஸ் என்ட்ரி டிரா நடத்தியது, அதாவது நிரந்தரமாகக் குடியேற விரும்புகிறவர்களில் மதிப்பெண் அதிகமுள்ளவர்களைத் தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்க அழைக்கும் சுற்று. 7,500 பேருக்கு அழைப்பு, கட்-ஆஃப் 379. அன்று ராத்திரி தாம்பரத்திலிருந்து ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். அவளுடைய சி.ஆர்.எஸ். (வயது, படிப்பு, வேலை அனுபவம், மொழித் திறன் பார்த்துத் தரும் தரவரிசை) மதிப்பெண் 399, அதாவது கட்-ஆஃபைவிட 20 அதிகம். ஆனாலும் அழைப்பு வரவில்லை. வராது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் கணக்கைத் திறந்து திறந்து பார்த்திருக்கிறாள். "அக்கா, 379க்குக் குடுத்திருக்காங்க, நான் 399ல உக்காந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

காரணம் ஒரே ஒரு எண். பிப்ரவரியில் அவள் எழுதிய டி.சி.எஃப். கனடா என்ற பிரெஞ்சுத் தேர்வில் கேட்டல் பகுதியில் 441 வந்திருந்தது. பிரெஞ்சுப் பிரிவில் நுழைய கேட்டல், வாசிப்பு, எழுத்து, பேச்சு நான்கிலுமே என்.சி.எல்.சி. என்ற கனடாவின் பிரெஞ்சு நிலை அளவில் 7 வேண்டும். கேட்டலில் அந்த 7ஆம் நிலை 458இல் தொடங்குகிறது. 17 மதிப்பெண் குறைவு.

மறுபடி எழுதலாமா வேண்டாமா என்று அவளும் நானும் எப்படி யோசித்தோம், எதைச் சரியாகப் பார்த்தோம், எதைக் கோட்டைவிட்டோம் என்பதை முழுசாக எழுதிவைக்க ஆசைப்பட்டேன். இதே கேள்வியோடு வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் வருகிறார்கள். பெயர் வேண்டாம், மற்றதெல்லாம் எழுதுங்க அக்கா என்று அவளே சொன்னாள். நான் ஆசிரியை இல்லை, இதே தேர்வை எழுதித் தேறியவள், சனி ஞாயிறுகளில் சிலருக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

அவளைப் பற்றி: அப்போது வயது 33, திருமணமாகவில்லை, எம்.இ. முடித்தவள், கிண்டியில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் ஏழு வருடமாக வேலை. ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வில் கேட்டல் 8, வாசிப்பு 7, பேச்சு 7, எழுத்து மட்டும் 6.5. வயதுக்கு 88, படிப்புக்கு 135, ஆங்கிலத்துக்கு 116, படிப்பும் அனுபவமும் ஆங்கிலத்தோடு சேர்ந்து தரும் மதிப்பெண் 50, ஆக 389. பிரெஞ்சில் வாசிப்பு 512, எழுத்து 20க்கு 11, பேச்சு 20க்கு 10. இந்த மூன்றும் 7ஆம் நிலை அல்லது அதற்கு மேல் என்பதால் தலா 3, கேட்டல் 6ஆம் நிலை என்பதால் 1, மொத்தம் 10. அப்படி வந்ததுதான் 399.

கேட்டலும் 7ஆக இருந்திருந்தால்? தலா 3 வீதம் 12, அதற்கு மேல் நான்கிலும் 7 எடுத்ததற்காகத் தனியாக 50. மொத்தம் 451. அந்த 17 மதிப்பெண்ணின் விலை 52 சி.ஆர்.எஸ். மதிப்பெண், அதோடு பிரெஞ்சுப் பிரிவின் கதவும்.

இதைப் பார்த்தவுடன் யாரும் சொல்லக்கூடியது, "இதில் யோசிக்க என்ன இருக்கிறது, எழுதிவிட வேண்டியதுதானே" என்பது. நானும் அன்று ராத்திரி அப்படித்தான் சொன்னேன். அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன் என்று மறுநாள் காலையில் தோன்றியது.

ஏனென்றால் டி.சி.எஃப். கனடாவில் கேட்டலை மட்டும் தனியாக எழுத முடியாது. நான்கு பகுதியும் ஒரே தேர்வாகத்தான் எழுத வேண்டும், பழைய வாசிப்பையும் புதிய கேட்டலையும் ஒட்டிக் கணக்குக் காட்ட முடியாது. அவளுடைய பேச்சு மதிப்பெண்ணோ சரியாக 10. என்.சி.எல்.சி. 7க்கு 10 அல்லது 11 வேண்டும், 9 வந்தால் 6ஆம் நிலைக்குப் போய்விடும். கேட்டல் 480 வந்து பேச்சு 9 வந்தால் பழையபடி அதே இடம், தேர்வுக் கட்டணம் மட்டும் போயிருக்கும். அந்தக் கட்டணம் அவள் வீட்டு மாத வாடகையைவிட அதிகம். வீட்டில் அம்மா வேறு "மறுபடியும் பரீட்சையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கேட்டதில் தப்பில்லை, இரண்டு வருடமாக அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்றைப் பார்த்ததில்லை.

ஒரு நிம்மதி இருந்தது. முடிவுகள் இரண்டு வருடம் செல்லும், அதனால் இரண்டாவது தேர்வு மோசமாகப் போனாலும் முதல் முடிவு கையில்தான் இருக்கும், 399 அப்படியே நிற்கும். கையிலிருப்பது போகாது. போவது பணம், இரண்டு மூன்று மாத உழைப்பு, கொஞ்சம் மனசு. மனசை நான் கடைசியாகச் சொன்னாலும் அதுதான் பெரியது என்று நினைக்கிறேன். இரண்டாவது முறையும் நூலிழையில் போனால் பிரெஞ்சையே விட்டுவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் 441?

எழுதலாமா என்ற கேள்விக்கு முன்னால் ஏன் குறைந்தது என்ற கேள்வி வர வேண்டும். 'அன்னைக்கு மூட் சரியில்ல' என்பது அவளுடைய முதல் பதில். அதை நான் ஏற்கவில்லை. வாசிப்பில் 512 எடுத்தவள் கேட்டலில் 441 எடுத்தால் அவளுக்கு மொழி தெரியவில்லை என்று அர்த்தமில்லை, தெரிந்த சொல் காதில் விழும்போது அடையாளம் தெரியவில்லை என்று அர்த்தம். இந்த இரண்டு நோய்க்கும் மருந்து வேறு வேறு.

சோதித்துப் பார்த்தோம். ஆர்.எஃப்.ஐ. வானொலியில் எளிய பிரெஞ்சில் தினமும் பத்து நிமிடச் செய்தி உண்டு, எழுத்து வடிவமும் கிடைக்கும். அதில் ஒரு நிமிடத்தை எடுத்து, கேட்டதைக் கேட்டபடி எழுதச் சொன்னேன். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, விட்டுப்போன இடங்களை இரண்டு நிறத்தில் குறித்தோம். தெரியாத சொல்லாக இருந்தால் சிவப்பு, தெரிந்தும் காதில் விழாத சொல்லாக இருந்தால் பச்சை. ஒரு வாரம் செய்தாள். தாள் முழுக்கப் பச்சை.

பிரெஞ்சு படித்தவர்களுக்கு இது புரியும். புத்தகத்தில் 'ஜ ந சே பா' என்று நான்கு சொல்லாகப் படித்த 'எனக்குத் தெரியாது' என்ற வாக்கியம், பேச்சில் 'ஷேபா' என்று ஒரே சொல்லாக ஓடிவிடும். 'இருக்கிறது' என்று பொருள்படும் 'இல் ஈ ஆ' என்பது 'யா' ஆகிவிடும். ஒரு சொல்லின் ஊமையான கடைசி மெய் அடுத்த சொல்லின் உயிரோடு ஒட்டி உயிர்பெறும். 'லே' என்று தனியாக இருந்தது, குழந்தைகளைக் குறிக்கும் 'ஆன்ஃபான்' என்ற சொல்லுக்கு முன்னால் வந்தால் 'லேஸான்ஃபான்'. புணர்ச்சி இலக்கணம் படித்து வளர்ந்த நமக்கு இது அந்நியமாக இருக்கக் கூடாது, ஆனால் நம் புணர்ச்சியை எழுத்திலேயே காட்டிவிடுகிறோம், அவர்கள் காதில் மட்டும்தான் காட்டுகிறார்கள். அவள் கண்ணால் பிரெஞ்சு படித்தவள்.

அப்புறம் மூக்கொலிகள். காற்று, போகிறார்கள், திராட்சை மது, இந்த மூன்றுக்குமான பிரெஞ்சுச் சொற்களைத் தமிழில் எழுதினால் வான், வோன், வேன் என்று ஏதோ எழுதலாம், ஆனால் கடைசியில் ன் கிடையாது, உயிர் மூக்கில் முடிகிறது. இதை அவளுக்கு விளக்க எனக்கு உதவியது நம் பேச்சுத் தமிழ்தான். 'நான்' என்று வீட்டில் சொல்லும்போது கடைசியில் நாக்கு மேலே போய்த் தொடுகிறதா? தொடுவதில்லை. 'மரம்' என்று சொல்லும்போது கடைசியில் உதடு மூடுகிறதா? மூடுவதில்லை, 'மரொ' என்று மூக்கில் போய் முடிகிறது. 'வந்தேன்' என்பதும் அப்படியே. நான், மரம், வந்தேன், இந்த மூன்றின் கடைசி ஒலியைப் பிடித்துக்கொண்டால் பிரெஞ்சின் அந்த மூன்று மூக்குயிர்களுக்கும் ரொம்பப் பக்கத்தில் வந்துவிடலாம். இதை முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

எண்களும் படுத்தின. 97 என்பதை நான்கு-இருபது-பத்து-ஏழு என்று சொல்கிற மொழி அது. ரயில் நேரம், விலை, தொலைபேசி எண் வரும்போதெல்லாம் அவள் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள், அதற்குள் அடுத்த வாக்கியம் போய்விடும். நம் தொண்ணூறிலும் ஒரு நூறு ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது, நாம் அதைக் கணக்குப் போட்டா புரிந்துகொள்கிறோம்? அதுபோல இதையும் முழுசாக ஒரே ஒலியாக விழுங்க வேண்டும், வேறு வழியில்லை.

இதற்கெல்லாம் மேலே தேர்வின் அமைப்பைப் பற்றிய ஒரு விஷயம் இருந்தது. கேட்டல் பகுதியில் 39 கேள்வி, 35 நிமிடம், ஒலிப்பதிவு ஒரே தடவைதான் ஓடும். கேள்விகள் எளிதில் தொடங்கிக் கடினமாகிக்கொண்டே போகும், கடினமானவற்றுக்கு மதிப்பெண்ணும் அதிகம். அவளைத் துருவித் துருவிக் கேட்டபோதுதான் சொன்னாள், கடைசிப் பகுதியில் மூன்று கேள்விகளைக் காலியாக விட்டுவிட்டாளாம். தப்பாக எழுதினால் மதிப்பெண் குறைப்பார்கள் என்று நினைத்திருக்கிறாள். குறைக்க மாட்டார்கள்! நான்கு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டிருந்தாலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. 17 மதிப்பெண் என்பது அந்தப் பகுதியில் ஒரு கேள்வி, மிஞ்சிப்போனால் இரண்டு. எனக்குக் கோபமே வந்தது, அவள்மேல் இல்லை, அவள் பயிற்சிக்குப் போன இடத்தில் இரண்டு வருடத்தில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லையே என்று.

இந்த இடத்தில்தான் என் மனசு 'எழுதலாம்' பக்கம் சாய்ந்தது. குறை எங்கே என்று தெரிகிறது, அது இரண்டு மூன்று மாதத்தில் சரிசெய்யக்கூடியது, மற்ற மூன்றும் கைவசம் இருக்கிறது.

ஐ.இ.எல்.டி.எஸ். எழுதினால் போதாதா?

அவளுடைய அண்ணன் கேட்ட கேள்வி இது. நல்ல கேள்வி, ரொம்ப நேரம் இதிலேயே நின்றோம். ஆங்கில எழுத்து 6.5இலிருந்து 7ஆனால் நான்கும் சி.எல்.பி. என்ற கனடாவின் ஆங்கில நிலை அளவில் 9 ஆகும். நேரடியாக 8 மதிப்பெண், அதோடு படிப்புக்கும் அனுபவத்துக்கும் சேர்ந்து வரும் 50 மதிப்பெண் 100ஆகிவிடும். ஆக 58 கூடும். பிரெஞ்சு தரும் 52ஐவிட இது 6 அதிகம், ஒரே ஒரு பகுதியில் அரை பேண்ட் ஏற்ற வேண்டியதுதான், ஆங்கிலம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. 399 அப்போது 457 ஆகும்.

கூட்டிப் பார்த்தால் ஆங்கிலம்தான் ஜெயிக்கிறது. ஆனால் 457ஐ வைத்துக்கொண்டு எந்த டிராவில் போய் நிற்பது? கனடாவில் வேலை செய்த அனுபவம் இல்லை, அதனால் கனடிய அனுபவப் பிரிவு கிடையாது. அவள் வேலைக்கான பிரிவில் டிராவும் இல்லை. பொது டிராவை நம்பி 457இல் காத்திருப்பது வீண். அதே சமயம் 451ஓடு பிரெஞ்சுப் பிரிவில் நின்றால் கதை வேறு. 2024 பிப்ரவரி 29இல் அந்தப் பிரிவின் கட்-ஆஃப் 336 வரை இறங்கியது, 2025 பிப்ரவரி 19இல் 428, மார்ச்சில் 379. இந்த மூன்றிலும் 451 உள்ளே போயிருக்கும்.

மதிப்பெண்ணைக் கூட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது. 6 மதிப்பெண் குறைவாகத் தரும் வழிதான் அவளுக்குத் திறக்கிற வழி. சி.ஆர்.எஸ். கணக்குப் போடும்போது கூடவே எந்தப் பிரிவில் நிற்கப்போகிறோம் என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் நான் சொல்வது இதனால்தான்.

வயதும் ஓடிக்கொண்டிருந்தது. நவம்பரில் அவளுக்கு 34 ஆகும், 88 என்பது 83 ஆகும். முப்பதுக்கு மேல் நாற்பது வரை ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் 5 அல்லது 6 மதிப்பெண் கழியும். அதனால் அடுத்த வருடம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனையைத் தள்ளிவிட்டோம். டி.இ.எஃப். கனடா என்ற இன்னொரு பிரெஞ்சுத் தேர்வுக்கு மாறலாமா என்றும் ஒரு நாள் பேசினோம், அதையும் கனடா ஏற்கிறது. ஆனால் அதில் பேச்சுப் பகுதியின் அமைப்பே வேறு, தகவல் கேட்டு வாங்குவது ஒன்று, நண்பரைச் சம்மதிக்கவைப்பது இன்னொன்று, மொத்தம் 15 நிமிடம். ஏற்கெனவே பேச்சில் விளிம்பில் நிற்பவள் புது அமைப்பைப் பழக வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

சரி, எழுதுவது என்று ஏப்ரல் முதல் வாரத்தில் முடிவானது. ஒரு நிபந்தனையோடு. பணம் கட்டுவதற்கு முன், இதுவரை பார்க்காத மூன்று மாதிரித் தேர்வுகளை, இடையில் நிறுத்தாமல், ஒரே தடவை கேட்டு எழுத வேண்டும், மூன்றிலும் 39க்கு 32க்குக் குறையக் கூடாது. டி.வி.5மோந்த் என்ற பிரெஞ்சுத் தொலைக்காட்சியின் தளத்தில் இலவசமாகவே மாதிரித் தேர்வுகள் இருக்கின்றன. முதல் வாரத்தில் 28 வந்தது. மே மாத நடுவில் 32, 34, 33. அன்றைக்கே பதிவு செய்தாள், ஜூன் மூன்றாம் வாரத்தில் இடம் கிடைத்தது.

இந்த நாட்களில் அவள் புதிதாக இலக்கணம் ஒன்றும் படிக்கவில்லை. காலை மின்சார ரயிலில் தாம்பரத்திலிருந்து கிண்டி வரை செய்தி கேட்பாள், ராத்திரி ஒரு நிமிடத் துண்டை எழுதிப் பார்ப்பாள். ஒரு கேள்வி தவறிவிட்டால் அதைப் பற்றியே நினைத்து அடுத்ததையும் தவறவிடுகிற பழக்கம் இருந்தது. ஏதோ ஒரு விடையைத் தொட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும், அடுத்த ஒலிப்பதிவு வரும்போதுதான் எடுக்க வேண்டும் என்று ஒரு பழக்கத்தை ஏற்படுத்தினோம், அது வேலை செய்தது. சனிக்கிழமைகளில் என்னோடு பேச்சு. 12 நிமிடத்தில் மூன்று பணிகள், அதில் இரண்டாவதற்கு மட்டும்தான் யோசிக்க 2 நிமிடம் தருவார்கள். மூன்றாவதில் கருத்தைச் சொல்லி நாலரை நிமிடம் தாங்க வேண்டும், அவள் இரண்டரை நிமிடத்தில் தீர்ந்துவிடுவாள். தன் ஊர், தன் அலுவலகம், தன் அம்மா என்று சொந்த வாழ்க்கையிலிருந்து உதாரணம் எடுக்கத் தொடங்கிய பிறகுதான் நீண்டது.

ஜூலை நடுவில் முடிவு வந்தது. கேட்டல் 476, வாசிப்பு 495, எழுத்து 10, பேச்சு 11. வாசிப்பு 8ஆம் நிலையிலிருந்து 7க்கு இறங்கிவிட்டது, எழுத்திலும் ஒன்று குறைந்தது. எழுத்தில் இன்னும் ஒன்று போயிருந்தால் எல்லாம் போயிருக்கும். பேச்சையே பயந்து பயந்து பார்த்துக்கொண்டிருந்தோம், எழுத்து எங்கள் கண்ணிலேயே படவில்லை. நான்கையும் மறுபடி எழுதுவது என்றால் என்ன என்பதை அந்த 10ஐப் பார்த்தபோதுதான் உடம்பில் உணர்ந்தேன்.

ஆக 451. ஆகஸ்ட் 8இல் பிரெஞ்சு டிரா வந்தது, 2,500 பேர்தான், கட்-ஆஃப் 481. மார்ச்சுக்குப் பிறகு அந்தப் பிரிவில் டிராவே நடக்காததால் மேலே கூட்டம் சேர்ந்துவிட்டிருந்தது. அன்று அவள் அழவில்லை. "ஐ.இ.எல்.டி.எஸ்.ஸையும் சேர்த்தே எழுதியிருக்கணும் இல்லக்கா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம், எழுதியிருக்க வேண்டும். அது நான் செய்த தவறு. இரண்டில் எது என்று ஏப்ரலில் அவ்வளவு பேசியவர்கள், ஜூன் தேர்வு முடிந்த கையோடு இரண்டாவதையும் தொடங்கியிருக்கலாம். தொடங்கியிருந்தால் 509, அந்த 481 ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது. மறுநாளே செப்டம்பர் கடைசிக்குப் பதிவு செய்தாள்.

செப்டம்பர் 4இல் அடுத்த டிரா, 4,500 பேர், கட்-ஆஃப் 446. அழைப்பு வந்துவிட்டது, 5 மதிப்பெண் இடைவெளியில். அவளுக்கு நவம்பரில் இல்லாமல் ஆகஸ்டில் பிறந்தநாள் வந்திருந்தால் சரியாக 446இல் நின்றிருப்பாள், அங்கே யார் ப்ரொஃபைலை முதலில் போட்டார்கள் என்று பார்த்துத்தான் பிரிப்பார்கள். ஆனாலும் முடிவு அதிர்ஷ்டத்தில் தொங்கியது என்று சொல்ல மாட்டேன், அக்டோபர் 6இல் 432, அக்டோபர் 29இல் 416 என்று இறங்கியது, ஒரு மாதம் பிந்தியாவது கிடைத்திருக்கும்.

இவளைப் பார்த்துவிட்டு, இவளோடு அதே வகுப்பில் படித்த வேளச்சேரிப் பையன் ஒருவன் செப்டம்பரில் என்னிடம் வந்தான். கேட்டல் 402, வாசிப்பு 430, எழுத்து 8, பேச்சு 7. "நானும் உடனே மறுபடி எழுதிடறேன்க்கா, அடுத்த மாசம் இடம் இருக்கு" என்றான். வேண்டாம் என்றேன். நான்கும் 6ஆம் நிலையில் நிற்கிறது, அதிலும் வாசிப்பு 430 என்றால் இது காதின் பிரச்சினை இல்லை, சொற்களும் வாக்கியமும் இன்னும் சேரவில்லை. அவளுக்கு வேலை செய்த பச்சைச் சிவப்புப் பயிற்சியை அவனுக்கும் கொடுத்தேன், தாள் முக்கால்வாசி சிவப்பாக வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான், கொஞ்சம் கோபமும் இருந்தது என்று நினைக்கிறேன்.

அக்டோபர் இடத்தை விட்டுவிட்டான். இப்போது தினமும் காலையில் ஒரு செய்திக் கட்டுரை படித்து, அதை ஐந்து வரியில் சுருக்கி எனக்கு அனுப்புகிறான். மாதிரித் தேர்வில் நான்கையும் எழுதிப் பார்த்த பிறகே பணம் கட்டுவது என்று பேசியிருக்கிறோம். போன வாரம் வாசிப்பில் 39க்கு 30 வந்தது.